இயல் 2: தத்தெடுப்பு நம் வீட்டுக்கு ஏற்றதா?

தத்தெடுக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது இவற்றைத்தான்: "குழந்தை கிடைக்குமா? எத்தனை நாளாகும்? என்னென்ன சான்றிதழ் வேண்டும்?" இவற்றுக்கு அடுத்த இயலில் பதில் இருக்கிறது. அதற்கு முன்னால் வீட்டுக்குள் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நம் வீடு இதற்கு ஏற்றதா? சமூகப் பணியாளர் வருவார், வீட்டைப் பார்ப்பார், கேள்வி கேட்பார், அறிக்கை எழுதுவார். ஆனால் அவர் இருப்பது சில மணி நேரம். குழந்தை வாழப்போவது உங்களோடு.

இந்த இயலை ஒரே மூச்சில் படித்து முடிக்க வேண்டாம். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நிறுத்துங்கள். கணவனும் மனைவியும் பேசுங்கள். தனியாகத் தத்தெடுக்க நினைப்பவர், நாளைக்கு நமக்கு ஒன்று என்றால் குழந்தையைப் பார்த்துக்கொள்வார் என்று நம்பும் ஒருவரோடு பேசுங்கள்.

முதலில் நிலவரம்

இல்லங்களில் தொட்டில் தொட்டிலாகக் கைக்குழந்தைகள் கிடக்கின்றன, நாம் போய் ஒன்றைத் தூக்கி வந்தால் அதற்கு ஒரு வாழ்வு கிடைக்கும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். நிலவரம் அப்படி இல்லை. 2024–25 நிதியாண்டில் மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின் வழியாக 4,515 குழந்தைகள் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். அவர்களில் 4,155 பேர் உள்நாட்டுக் குடும்பங்களுக்குப் போனார்கள். அதுவரையான பல ஆண்டுகளில் அதுதான் மிக அதிகமான எண்ணிக்கை. பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கும் பெற்றோரோ பல்லாயிரம் பேர்.

இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உறவினரோ இருக்கிறார்கள். வறுமை, நோய், குடி, பிரிவு என்று ஏதோ ஒரு காரணத்தால் இல்லத்தில் விடப்பட்டவர்கள் அவர்கள். அவர்களைத் தத்துக் கொடுக்க முடியாது. குழந்தைகள் நலக் குழு விசாரித்து, சட்டப்படி தத்துக் கொடுக்கத் தக்கவர் என்று அறிவித்த குழந்தையை மட்டுமே தத்தெடுக்க முடியும். பெற்றவர்களே ஒப்படைத்த குழந்தையானால், மனம் மாறித் திரும்பப் பெற்றுக்கொள்ள அவர்களுக்கு இரண்டு மாத அவகாசம் உண்டு. கைவிடப்பட்ட குழந்தையானால் பெற்றோரைத் தேடிப் பார்த்த பிறகுதான் அறிவிக்க வேண்டும். இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்கு இதற்கு 2 மாதமும், அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 4 மாதமும் கெடு.

இதிலிருந்து ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆரோக்கியமான கைக்குழந்தைக்கு உங்களை விட்டால் ஆளில்லை என்பது இல்லை. அந்தக் குழந்தைக்காக வரிசையில் எத்தனையோ குடும்பங்கள் நிற்கின்றன. வீடு கிடைக்காமல் தவிப்பவர்கள் ஐந்து, ஆறு வயதைக் கடந்த பிள்ளைகள், பிரிக்க முடியாத அண்ணன் தங்கைகள், உடல்நலக் குறையோ மாற்றுத்திறனோ உள்ள குழந்தைகள். ஆகவே "ஒரு அநாதைக் குழந்தைக்கு வாழ்வு கொடுக்கிறோம்" என்ற நினைப்போடு பதிவு செய்பவர்கள், எந்தக் குழந்தைக்கு என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

ஏன் வேண்டும் என்று எழுதிப் பாருங்கள்

ஆளுக்கொரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். "நமக்கு ஏன் குழந்தை வேண்டும்?" என்பதற்குத் தனித்தனியாக, ஒருவருக்கொருவர் காட்டாமல், பத்து வரி எழுதுங்கள். பிறகு மாற்றிப் படியுங்கள். பிள்ளை வளர்க்கும் ஆசை, வீட்டில் ஒரு குழந்தை வளர வேண்டும் என்ற ஏக்கம், ஏற்கெனவே ஒன்று இருந்தும் இன்னொன்றுக்கு மனத்தில் இடம் இருப்பது: இவையெல்லாம் நல்ல காரணங்கள். கீழே உள்ளவற்றில் ஏதாவது அந்தத் தாளில் தலைகாட்டினால் கொஞ்சம் நின்று யோசியுங்கள்.

"தத்து எடுத்தா அடுத்த வருஷமே சொந்தமா ஒண்ணு பொறந்துடும்." இதைச் சொல்லாத அத்தையோ சித்தியோ நம் ஊரில் இல்லை. அப்படி எதுவும் நிச்சயமில்லை. அப்படி நம்பி எடுத்து வரும் குழந்தை, வந்த நாளிலிருந்தே இன்னொரு குழந்தைக்கு முன்னோடி ஆகிவிடுகிறது. பிறக்காவிட்டால் ஏமாற்றத்துக்கும் அதுவே ஆளாகிறது.

"கடைசிக் காலத்தில் பார்த்துக்கொள்ள, கொள்ளி போட ஒரு ஆள் வேண்டும்." பெற்ற பிள்ளையிடமே இந்த உத்தரவாதத்தை யாரும் வாங்க முடிவதில்லை. வரும் குழந்தை நமக்கு அறுபது வயதில் என்ன செய்யும் என்பதைவிட, அதற்கு ஆறு வயதில் நாம் என்ன செய்வோம் என்பதுதான் இப்போது பேச வேண்டியது.

"ஒரு குழந்தை வந்தால் எங்களுக்குள் சண்டை குறையும்." குறையாது. தூக்கம் குறையும், செலவு கூடும், பொறுமை சோதிக்கப்படும். உறவு ஆட்டம் கண்டிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

"இறந்துபோன எங்கள் பிள்ளையின் இடத்தில்..." இந்தத் துக்கத்துக்கு முன்னால் யாரும் வாதம் பேச முடியாது. ஆனால் போன குழந்தையின் பெயரையும் சட்டையையும் வரும் குழந்தைக்குப் போட்டுவிட்டால், அது தன் வாழ்நாள் முழுக்க இன்னொருவராக இருக்க வேண்டி வரும். துக்கம் அடங்க நாள் கொடுங்கள். தேவைப்பட்டால் மனநல ஆலோசகரைப் பாருங்கள்.

"புண்ணியம்." தருமம் செய்ய நூறு வழி இருக்கிறது. நன்றிக்கடன் பட்டவளாகவே ஒரு பெண் குழந்தை ஒரு வீட்டில் வளரக் கூடாது. அவள் முரண்டு பிடிக்கும் வயதில், "உன்னை எங்கிருந்து தூக்கிட்டு வந்தோம் தெரியுமா?" என்ற வார்த்தை புண்ணியத்துக்காக எடுத்தவர் வாயில்தான் முதலில் வரும்.

குழந்தைப்பேறு சிகிச்சையில் ஆண்டுக்கணக்கில் அலைந்தவர்களுக்கு ஒரு சொல். கடைசி முயற்சி தோற்ற மறுநாளே பதிவு செய்ய ஓடாதீர்கள். ஊசி, மருந்து, கடன், உறவினர் விசேஷங்களில் பட்ட அவமானம் எல்லாம் உடம்பிலும் மனத்திலும் இருக்கிறது. சிகிச்சையை நிறுத்துவது என்று இருவரும் மனதார முடிவெடுத்து, அதற்காக அழுது தீர்த்து, பிறகு தத்தெடுப்பைப் பற்றிப் பேசினால் அந்தப் பேச்சு வேறு மாதிரி இருக்கும். அப்போது அது தோல்விக்கு மாற்று ஏற்பாடாக இராது. நீங்களே விரும்பித் தேர்ந்த வழியாக இருக்கும்.

மறைக்கத் தோன்றுகிறதா?

இந்த இயலில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். வருமானம், வீடு, படிப்பு எல்லாவற்றையும்விட உங்கள் தகுதியைக் காட்டும் கேள்வி இது: தத்தெடுத்ததை ஊருக்கும் உறவுக்கும், முக்கியமாகக் குழந்தைக்கும் சொல்லத் தயாரா?

நம் வீடுகளில் மறைக்கும் பழக்கம் ஆழமானது. வேறு ஊருக்கு மாறுதல் வாங்கிக்கொண்டு போவது, வயிற்றில் துணி கட்டிக்கொண்டு வளைகாப்பு நடத்துவது, அம்மா வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டுக் கைக்குழந்தையோடு திரும்புவது எல்லாம் இன்றும் நடக்கின்றன. செய்பவர்கள் கெட்டவர்கள் அல்ல. மலடி என்ற சொல்லுக்குப் பயந்தவர்கள், குழந்தையை ஊர் ஏளனம் செய்யுமோ என்று பயந்தவர்கள். ஆனால் மறைத்தது ஒருநாள் வெளியே வந்தே தீரும். பத்து வயதில் விளையாட்டுச் சண்டையில் பெரியப்பா மகன் வாயிலிருந்து வரும். கல்யாணப் பேச்சின்போது வரும். பாகப்பிரிவினையில் பங்காளி வாயிலிருந்து வரும். அன்று அந்தப் பிள்ளையை உடைப்பது தத்து என்ற செய்தி அல்ல. ஊருக்கெல்லாம் தெரிந்தது எனக்கு மட்டும் தெரியாமல் இருந்ததே, அம்மாவும் அப்பாவும் இத்தனை நாள் பொய் சொன்னார்களே என்பதுதான்.

தத்தெடுப்பை மையமாக வைத்த தமிழ்ப் படம் என்றால் பலருக்கும் நினைவு வருவது 2002இல் வந்த 'கன்னத்தில் முத்தமிட்டால்'. அதில் ஒன்பதாம் பிறந்த நாளன்று சிறுமிக்கு உண்மை சொல்லப்படுகிறது. படம் பார்த்த பலர் அதையே முறை என்று எடுத்துக்கொண்டார்கள்: ஒரு வயது வரட்டும், ஒருநாள் உட்காரவைத்துச் சொல்லலாம் என்று. குழந்தைகளோடு பணிபுரிபவர்கள் சொல்லும் வழி வேறு. "உனக்கு எப்போது தெரிந்தது?" என்று கேட்டால், "எனக்கு எப்போதும் தெரியுமே" என்று அந்தக் குழந்தை சொல்ல வேண்டும். அதற்கு, பேச்சு வராத காலத்திலிருந்தே, குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் தூங்கவைக்கும்போதும் அதன் கதையை அதற்குச் சொல்லி வர வேண்டும்.

இப்போதே ஒரு பயிற்சி. குழந்தை மடியில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, இதை ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்:

"நீ வேற ஒரு அம்மா வயித்துல பொறந்தடா கண்ணு. அவங்களால உன்னை வளர்க்க முடியாத சூழ்நிலை. நாங்க ஒரு குழந்தைக்காக ரொம்ப நாள் காத்துக்கிட்டு இருந்தோம். நீ வந்த. இது உன் வீடு."

நாக்கு எங்கே தடுக்குகிறது என்று கவனியுங்கள். முதல் வாக்கியத்தைச் சொல்ல முடியாதவர்கள் உண்டு. "அம்மா" என்ற சொல்லை இன்னொருத்திக்குக் கொடுக்க முடியாதவர்கள் உண்டு. தடுக்குவது தவறில்லை. தடுக்கும் இடம்தான் நீங்கள் இன்னும் பேச வேண்டிய இடம்.

பெற்றவளைப் பற்றி உங்கள் மனதில் என்ன இருக்கிறது என்பதும் இங்கே தெரிந்துவிடும். "குப்பைத்தொட்டியில் போட்டுட்டுப் போனவ" என்ற வார்த்தை உங்கள் வீட்டில் புழங்கினால், அவள் வயிற்றில் பிறந்த குழந்தை அதைத் தன்னைப் பற்றிய தீர்ப்பாகவே கேட்கும். பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. அந்தத் தொட்டிலில் குழந்தையைக் கிடத்திவிட்டுப் போன தாய், அது உயிரோடு இருக்கட்டும் என்று முடிவெடுத்தவள். கதையின் முழு விவரம் பல குழந்தைகளுக்குக் கிடைப்பதில்லை. இருப்பதை மரியாதையோடு சொல்ல முடிந்தால் போதும். வளர்ந்த பிறகு தன் வேர்களைத் தேடிப் பார்க்க விதிமுறைகளிலேயே குழந்தைக்கு வழி இருக்கிறது. அந்த நாள் வந்தால் கூட நிற்க முடியுமா என்றும் யோசியுங்கள்.

மறைக்க வேண்டும் என்று இன்னும் தோன்றினால் பதிவைத் தள்ளிப்போடுங்கள். தத்தெடுத்த மற்ற குடும்பங்களைப் போய்ப் பாருங்கள். அவர்கள் வீட்டில் இந்தப் பேச்சு எவ்வளவு சாதாரணமாக நடக்கிறது என்பதை நேரில் கேட்டால் பயம் குறையும்.

இருவரும் ஒரே இடத்தில் நிற்கிறீர்களா?

சட்டம் கணவன், மனைவி இருவரின் சம்மதத்தையும் கேட்கிறது. ஆனால் கையெழுத்து வேறு, சம்மதம் வேறு. மனைவி அழுவதைப் பார்க்க முடியாமல் "சரி, உன் இஷ்டம்" என்று சொல்லும் கணவர்கள் நிறைய. மாமியார் வீட்டுப் பேச்சுக்குப் பயந்து ஒத்துக்கொள்ளும் மனைவிகளும் உண்டு. "உன் இஷ்டம்" என்பது சம்மதம் ஆகாது. இரவு மூன்று மணிக்குக் குழந்தை அழும்போது, பள்ளியிலிருந்து புகார் வரும்போது, "நீதானே ஆசைப்பட்ட" என்று அது திரும்பி வரும்.

ஒருவர் தயாராகவும் மற்றவர் தயங்கியும் இருந்தால், தயங்குபவரை வற்புறுத்தாதீர்கள். எது பயமுறுத்துகிறது என்று கேளுங்கள். பணமா? பரம்பரை நோயா? அப்பா என்ன சொல்வார் என்பதா? தன்னால் பாசம் வைக்க முடியுமா என்ற சந்தேகமா? பெயர் வைத்துச் சொன்ன பயத்தோடு பேச முடியும். தகவல் கிடைத்தால் தீரும் பயமும் உண்டு, நாள் கொடுத்தால் தீருவதும் உண்டு, தீராததும் உண்டு. தீராவிட்டால் "இல்லை" என்பதே உங்கள் பதில்.

வீட்டில் ஏற்கெனவே பிள்ளை இருந்தால் அதையும் பேச்சில் சேருங்கள். "தம்பிப் பாப்பா வேணுமா?" என்று மட்டும் கேட்டால் எல்லாக் குழந்தையும் தலையாட்டும். அறையைப் பகிர வேண்டும், அம்மாவைப் பகிர வேண்டும், வருவது கைக்குழந்தையாக இல்லாமல் பள்ளிக்குப் போகும் பிள்ளையாகவும் இருக்கலாம் என்று அதற்குப் புரியும்படி சொல்லிக் கேளுங்கள்.

தாய்மாமன் மடி

கூட்டுக் குடும்பமோ தனிக் குடித்தனமோ, நம் பிள்ளைகள் சொந்தபந்தத்தின் நடுவில்தான் வளர்கிறார்கள். எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகுதான் தத்தெடுக்க வேண்டும் என்றால் யாரும் எடுக்க முடியாது. ஆனால் யார் எங்கே நிற்பார்கள் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

நேராகக் கேட்டால் எல்லோரும் நல்லபடியாகத்தான் சொல்வார்கள். ஆகவே குறிப்பிட்ட காட்சியைச் சொல்லிக் கேளுங்கள். பெண்ணின் அண்ணனிடமோ தம்பியிடமோ, "என் பிள்ளைக்கு உன் மடியில உட்காரவெச்சுத்தான் காது குத்தணும், சீர் கொண்டு வருவியா?" என்று கேளுங்கள். "என்னக்கா இப்படிக் கேக்குற, வராம எங்க போவேன்?" என்றால் ஒரு பலம். பதில் வரத் தாமதமானால் அதுவும் ஒரு தகவல். மாமனாரிடம், குலதெய்வக் கோயிலில் முடியிறக்கும்போது கூட நிற்பாரா என்று கேளுங்கள். தீபாவளிக்குப் பேரப்பிள்ளைகளுக்கு எடுக்கும் துணியில் இந்தக் குழந்தைக்கும் அதே விலையில் இருக்குமா என்பது சின்ன விஷயமாகத் தெரியும். குழந்தைக்கு அது சின்ன விஷயமல்ல.

"யாரு பெத்ததோ, என்ன சாதியோ, என்ன ரத்தமோ" என்ற பேச்சு வரும். பதிவின்போது குழந்தையின் வயதுப் பிரிவு, பாலினம், உடல்நலம் பற்றி உங்கள் விருப்பத்தைத் தெரிவிக்கலாம். சாதி பார்த்துத் தேர்ந்தெடுக்க அங்கே இடமில்லை. பல குழந்தைகளுக்குப் பிறந்த நேரம் தெரியாது, ஜாதகம் எழுத முடியாது. இவற்றை விட்டுவிட முடியாது என்று நீங்களே நினைத்தால் அதை இப்போதே ஒத்துக்கொள்வது நல்லது. உங்களுக்குத் தடையில்லை, பெரியவர்களுக்குத்தான் என்றால், குழந்தையின் காதுபட அப்படிப் பேசினால் என்ன செய்வீர்கள் என்று இருவரும் இப்போதே முடிவு செய்யுங்கள். "எங்க பிள்ளை முன்னாடி இந்தப் பேச்சு வேண்டாம் அத்தை" என்று சொல்ல ஒருவராவது வேண்டும். யார் பக்கத்து உறவோ அவரே சொல்வது நல்லது.

சட்டம் என்ன கேட்கிறது?

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் 2022ஆம் ஆண்டின் தத்தெடுப்பு விதிமுறைகளும் சொல்லும் முக்கிய நிபந்தனைகள் இவை. எந்த மதத்தவரும் இந்தச் சட்டப்படி தத்தெடுக்கலாம். இதற்கு முந்தைய இளைஞர் நீதிச் சட்டம் இருந்தபோதே, 2014இல், உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது.

• தம்பதியர் குறைந்தது இரண்டு ஆண்டுகள் நிலையான மணவாழ்வில் இருக்க வேண்டும்.
• குழந்தைக்கும் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் குறைந்தது 25 வயது வித்தியாசம் வேண்டும்.
• இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்குத் தம்பதியரின் வயதுகளைக் கூட்டினால் 85-ஐத் தாண்டக் கூடாது. தனி நபர் என்றால் 40. இரண்டு முதல் நான்கு வயது வரை 90, 45. நான்கு முதல் எட்டு வரை 100, 50. எட்டு முதல் பதினெட்டு வரை 110, 55.
• தனியாக வாழும் பெண் ஆண் குழந்தையையும் பெண் குழந்தையையும் தத்தெடுக்கலாம். தனி ஆண், பெண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது.
• ஏற்கெனவே இரண்டு அல்லது அதற்கு மேல் பிள்ளைகள் இருப்போருக்குச் சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளும் குடும்பம் கிடைப்பது அரிதாக உள்ள குழந்தைகளும் மட்டுமே பரிசீலிக்கப்படுவார்கள். உறவுக் குழந்தையையோ துணைவரின் குழந்தையையோ தத்தெடுப்பதற்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

உடல்நலம், மனநலம், வருமானம் ஆகியவையும் பார்க்கப்படும். சொந்த வீடும் காரும் கேட்க மாட்டார்கள். வரவுக்குள் ஒரு பிள்ளையை வளர்க்க முடியுமா, திடீர் மருத்துவச் செலவைத் தாங்க முடியுமா என்பதுதான் கேள்வி. சர்க்கரையோ இரத்த அழுத்தமோ இருப்பதாலேயே தகுதி போய்விடும் என்று பயந்து மறைக்காதீர்கள். குழந்தைக்கு இருபது வயதாகும்போது உங்களுக்கு எத்தனை வயது என்று கணக்குப் போட்டு, அதுவரை உடம்பைப் பார்த்துக்கொள்ளத் திட்டமிடுங்கள்.

தத்து ஆணை வந்த நாளிலிருந்து குழந்தை உங்கள் குழந்தைதான். பெயர், சொத்து, வாரிசுரிமை எல்லாம் உண்டு. "ஒத்துவரவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாமா?" என்ற எண்ணம் ஒரு மூலையில் இருந்தால், இன்னும் முடிவு முற்றவில்லை என்று பொருள். ஒருமுறை குடும்பத்தை இழந்த குழந்தை மறுபடியும் இழப்பதைப் போன்ற கொடுமை வேறில்லை.

எந்தக் குழந்தைக்கு நீங்கள் பெற்றோர்?

இரண்டு வயதுக்கு உட்பட்ட ஆரோக்கியமான குழந்தை வேண்டும் என்றால் மூன்று ஆண்டுகளுக்கு மேலும் காத்திருக்க நேரிடும். இப்போது 39 வயதுள்ள கணவனும் 37 வயதுள்ள மனைவியும் நான்கு ஆண்டுகள் காத்திருந்தால் கூட்டுவயது 84 ஆகிவிடும். இந்தக் கணக்கைத் தொடக்கத்திலேயே போடுங்கள்.

ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை என்றால் அதன் சம்மதமும் கேட்கப்படும். அது நினைவுகளோடு வரும். முதலில் விட்டுப்போன வீடு, இல்லத்துத் தோழர்கள், பிடித்த ஆயாம்மா, பட்ட அடி எல்லாம் அதன் மனதில் இருக்கும். வேலை முடிந்து சோர்ந்து வரும் உங்களை அது சோதித்துப் பார்க்கும்: எவ்வளவு தொல்லை கொடுத்தால் என்னை அனுப்புவீர்கள் என்று. இதைத் தாங்கும் நிதானம் உள்ளவர்களுக்குப் பெரிய பிள்ளைகள் அருமையான பிள்ளைகள். பேசிப் பழகலாம், சேர்ந்து சமைக்கலாம், அவர்கள் சொல்லும் கதையைக் கேட்கலாம்.

சிறப்புத் தேவை என்றதும் பயப்பட வேண்டாம். அந்தப் பட்டியலில் அறுவை சிகிச்சையால் சரியாகும் உதட்டுப் பிளவும் இதய ஓட்டையும் உண்டு. வாழ்நாள் முழுக்கத் துணை தேவைப்படும் நிலையும் உண்டு. குழந்தை நல மருத்துவரிடம் உட்கார்ந்து, எந்தக் குறையோடு நம்மால் வாழ முடியும், எதற்கு நம் ஊரில் சிகிச்சை கிடைக்கும் என்று கேளுங்கள். முடியாததை முடியாது என்று சொல்வதில் வெட்கமில்லை. குற்ற உணர்ச்சியில் "சரி" போட்டுவிட்டுப் பிறகு தவிப்பதுதான் குழந்தைக்குக் கேடு.

காத்திருப்பும் 48 மணி நேரமும்

பதிவு செய்து ஆவணங்களைக் கொடுத்ததும் சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து எழுதும் குடும்ப ஆய்வு அறிக்கை மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு நீண்ட மௌனம். இதற்கிடையில் உறவினர் வீட்டில் நான்கு சீமந்தம் நடந்திருக்கும். வேலை மாறியிருக்கும். பெற்றோரில் ஒருவருக்கு உடல்நிலை கெட்டிருக்கும். காத்திருக்கும் நாளைப் பயன்படுத்துங்கள்: கடனைக் குறையுங்கள், தத்தெடுத்த குடும்பங்களோடு பழகுங்கள், விடுப்பு விதிகளை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 2017இல் பேறுகாலப் பயன் சட்டத்தில் வந்த திருத்தம், மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தையைத் தத்தெடுக்கும் தாய்க்கு 12 வாரம் விடுப்பு தந்தது. சட்டப்படி ஒரு குழந்தை தத்துக்குத் தயாராவதற்குள் பெரும்பாலும் அந்த வயது கடந்துவிடுகிறது. ஆகவே உங்கள் நிறுவனம் என்ன தருகிறது, யார் எத்தனை நாள் வீட்டில் இருப்பது என்பதை முன்பே பேசிவிடுங்கள்.

பிறகு ஒருநாள் செய்தி வரும். புகைப்படம், குழந்தையைப் பற்றிய அறிக்கை, மருத்துவப் பரிசோதனை அறிக்கை. 48 மணி நேரத்துக்குள் அந்தக் குழந்தையை உங்களுக்காக ஒதுக்கிக்கொள்ள வேண்டும். அந்தப் பரபரப்பில் முதல்முறையாக யோசிக்க முடியாது. மருத்துவ அறிக்கையைப் படித்துச் சொல்ல ஒரு மருத்துவரை முன்பே பேசி வைத்திருங்கள். எந்தெந்த நிலைக்கு "சரி", எதற்கு "முடியாது" என்று இருவரும் ஏற்கெனவே பேசி எழுதி வைத்த தாள் அன்று கையில் இருக்க வேண்டும்.

முதல் மாதங்கள் எப்படி இருக்கும்?

படத்தில் சிரித்த குழந்தை வீட்டுக்கு வந்ததும் சிரிக்காமல் இருக்கலாம். இல்லத்தில் இரவெல்லாம் விளக்கு எரிந்திருக்கும், பக்கத்துத் தொட்டில்களில் சத்தம் இருந்திருக்கும். உங்கள் வீட்டு இருட்டும் அமைதியும் அதற்குப் புதிது. சில குழந்தைகள் இரவில் விடாமல் அழும். சில அழவே அழாது. கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள் என்று பழகிப்போன குழந்தையின் அமைதி அது, நல்ல பிள்ளை என்று மகிழ வேண்டியதல்ல. நான்கு வயதுப் பிள்ளை ஒரு தட்டுச் சோற்றை நிமிடத்தில் விழுங்கிவிட்டு இன்னும் கேட்கும். தலையணைக்கு அடியில் பிஸ்கட்டை ஒளித்துவைக்கும். அதைத் திருட்டு என்று கண்டிக்காமல், எட்டும் உயரத்தில் ஒரு டப்பாவில் எப்போதும் தின்பண்டம் வைத்தால், சாப்பாடு தீராது என்ற நம்பிக்கை வந்ததும் ஒளித்துவைப்பது தானாக நிற்கும்.

பாசம் முதல் நாளே பொங்க வேண்டும் என்பதில்லை. பெற்றவளுக்கே சில வாரங்கள் ஆவதுண்டு. தத்தெடுத்த தாய்க்குப் பல மாதம் ஆனாலும் குற்றமில்லை. வேளைக்குச் சோறு, கூப்பிட்ட குரலுக்குப் பதில், தினமும் அதே மடி: இதைச் செய்துகொண்டே இருந்தால் பாசம் இரு பக்கமும் ஊறும். மனச்சோர்வு நீடித்தால் உதவி கேளுங்கள். குழந்தை வீட்டுக்கு வந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் சமூகப் பணியாளரைக் குறை கண்டுபிடிக்க வந்தவராக நினைத்து, எல்லாம் சரி என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள்.

சொந்தத்தில் தத்தும் குறுக்கு வழியும்

"வெளியே எதற்கு, தங்கச்சிக்கு மூணு இருக்கே, ஒண்ணை எடுத்துக்கோ" என்பது நம் குடும்பங்களில் சகஜம். வாய்வார்த்தையாகக் கொடுத்து வாங்கும் தத்து நாளைக்குப் பள்ளியிலும் பாஸ்போர்ட்டிலும் சொத்திலும் சிக்கலாகும். இந்துக்கள் 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி, 15 வயது நிறையாத குழந்தையைத் தத்தெடுத்துச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தத்துப் பத்திரம் பதியலாம். அந்தச் சட்டப்படி மகன் இருக்கையில் மகனையோ, மகள் இருக்கையில் மகளையோ தத்தெடுக்க முடியாது. இளைஞர் நீதிச் சட்டத்திலும் உறவுத் தத்துக்குத் தனி வழி உண்டு. எந்த வழியானாலும் முன்கூட்டிப் பேச வேண்டியது ஒன்று: பெற்ற தாய் ஒவ்வொரு விசேஷத்திலும் எதிரில் நிற்பாள். குழந்தை யாரை அம்மா என்று கூப்பிடும்? வளர்ப்பில் அவள் தலையிட்டால் என்ன செய்வது? குழந்தைக்கு யார், எப்போது சொல்வது? பத்திரம் பதியும் முன் இரு குடும்பமும் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் தெரிந்தவர் இருக்கிறார், இவ்வளவு கொடுத்தால் பிறந்த குழந்தையை உங்கள் பெயரிலேயே பதிந்து தருவார் என்று யாராவது சொன்னால் அது குழந்தை விற்பனை. 2019இல் ராசிபுரத்தில் வெளிவந்த வழக்கு தமிழகத்தையே உலுக்கியது நினைவிருக்கும். குழந்தையை விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஐந்து ஆண்டுவரை கடுங்காவலும் ஒரு லட்ச ரூபாய் அபராதமும் உண்டு. தண்டனையைவிடப் பெரிய கேடு, குழந்தையை உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டு போவார்கள் என்பதும், அது எங்கிருந்து வந்தது என்ற உண்மையே அழிந்துபோகும் என்பதும். விதிமுறை நிர்ணயித்த கட்டணம் தவிர நன்கொடை என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கோ 1098 எண்ணுக்கோ சொல்லுங்கள்.

முடிவெடுங்கள்

ஒரு மாதம் இடைவெளி விட்டு இந்தக் கேள்விகளுக்கு இருவரும் தனித்தனியாக விடை எழுதுங்கள்:

1. சொந்தக் குழந்தை பிறக்கவே பிறக்காது என்று தெரிந்தாலும், நாளையே பிறந்துவிட்டாலும், இந்தக் குழந்தை வேண்டுமா?
2. தத்தெடுத்ததை எங்கள் தெருவில், அலுவலகத்தில், குழந்தையின் பள்ளியில் இயல்பாகச் சொல்வேனா?
3. பெற்றவளைப் பற்றிக் குழந்தை கேட்டால் கோபமோ பொறாமையோ இல்லாமல் பதில் சொல்வேனா?
4. நிறம், படிப்பு, குணம் எதிலும் எங்களைப் போல இல்லாத பிள்ளையை அதன் போக்கில் வளர விடுவேனா?
5. முதல் ஆறு மாதம் யார் வீட்டில் இருப்பது? வருமானக் குறைவை எப்படிச் சமாளிப்பது?
6. எங்களில் ஒருவருக்கு ஏதாவது ஆனால் குழந்தை யார் பொறுப்பு? அவரிடம் கேட்டுவிட்டோமா?
7. குழந்தைக்காகப் பெரியவர்களிடம் மறுத்துப் பேச என்னால் முடியுமா?

இருவர் தாளிலும் பெரும்பாலும் "ஆம்" இருந்தால் அடுத்த இயலுக்குப் போங்கள், பதிவைத் தொடங்கலாம். "இப்போது இல்லை" என்று வந்தால் எது தடுக்கிறது என்று குறித்துவைத்து, ஆறு மாதம் கழித்து மறுபடி பேசுங்கள். "வேண்டாம்" என்று வந்தால் அதுவும் பொறுப்பான முடிவுதான். யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. பெற்றோரிடம் திரும்ப முடியாத பிள்ளைக்குக் குறிப்பிட்ட காலம் வீடு கொடுக்கும் வளர்ப்புப் பராமரிப்புத் திட்டம் இருக்கிறது. இல்லத்துப் பிள்ளை ஒன்றின் படிப்புக்குத் துணை நிற்கலாம். அண்ணன் மகளுக்கு நல்ல அத்தையாக இருக்கலாம்.

சரி என்று முடிவெடுத்தவர்கள் அதை உங்கள் குடும்பத்தில் ஐந்து பேரிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். கிசுகிசுக்காமல், சாப்பாட்டுப் பந்தியில் சொல்வதைப் போலச் சொல்லுங்கள்: "நாங்க ஒரு குழந்தையைத் தத்தெடுக்கப் போறோம்." வரப்போகும் குழந்தைக்காக நீங்கள் செய்யும் முதல் காரியம் அதுதான், ஆவணங்கள் அதற்குப் பிறகு.